கியோகுஷினிலிருந்து அஷிஹாராவுக்கு மாறலாமா?

வாசகர் கடிதம்: "மாஸ்டர், ஆறு வருடமாகக் கியோகுஷின் கராத்தே பழகுகிறேன். பிரவுன் பெல்ட். வயது 31, எடை 56 கிலோ. வேலை மாறி வந்திருக்கும் ஊரில் கியோகுஷின் டோஜோ (பயிற்சிக்கூடம்) கிடையாது. ஓர் அஷிஹாரா டோஜோவும் ஒரு கூடோ கிளப்பும் இருக்கின்றன. 'எல்லாம் ஒரே வேர்தான், எதில் சேர்ந்தாலும் ஒன்றுதான்' என்கிறார் என் சீனியர். 'முகத்தில் குத்தாத சண்டை ஒரு சண்டையா? கூடோவுக்குப் போ' என்கிறார் கூட வேலை பார்ப்பவர். பழைய டோஜோவில் என்னைவிடப் பதினைந்து, இருபது கிலோ அதிகமானவர்களோடுதான் பெரும்பாலும் குமிதே (நேருக்கு நேர் மோதும் பயிற்சி) செய்வேன். பின்வாங்கவே மாட்டேன். ஆனால் ஒரு வருடமாக இடது முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. எதில் சேரட்டும்? ஆறு வருட உழைப்பு வீணாகிவிடுமா? என் மாஸ்டருக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்காதா?"

அன்புள்ள வாசகிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள், பிறகு அஷிஹாராவில் சேருங்கள். கூடோவை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் கியோகுஷின் பழகியவன். அதில் கடைசிப் பத்து வருடம் அஷிஹாராவையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். கூடோவில் ஒரு வருடம் மாணவனாக இருந்திருக்கிறேன். உங்கள் குழப்பம் எனக்கும் இருந்தது.

உங்கள் சீனியர் சொன்னது உண்மைதான், வேர் ஒன்றுதான். கியோகுஷினை உருவாக்கிய மசுதாட்சு ஒயாமா கொரியாவில் பிறந்து, பதின்வயதில் ஜப்பானுக்கு வந்தவர். ஷோட்டோகான், கோஜு-ரியூ என்ற இரண்டு கராத்தே பிரிவுகளைக் கற்று, இரண்டையும் சேர்த்துத் தன் வழியை உருவாக்கினார். 1964-இல் கியோகுஷின்கைகான் அமைப்பை நிறுவினார். 1969-இல் டோக்கியோவில் முதல் அகில ஜப்பான் ஓபன் போட்டி நடந்தது. கையுறை கிடையாது, உடல் கவசம் கிடையாது. தொட்டால் புள்ளி என்ற கணக்கும் கிடையாது. எதிராளி விழ வேண்டும், அல்லது வலியில் மடங்க வேண்டும். முழுத் தொடர்பு கராத்தே என்று இன்று நாம் சொல்லும் எல்லாமே அந்தப் போட்டியின் பிள்ளைகள்தான்.

அந்தப் போட்டியில் ஒரு முக்கியமான விதி இருந்தது. கையால் முகத்தில் அடிக்கக் கூடாது; காலால் அடிக்கலாம். பழைய ஒயாமா டோஜோ பயிற்சியில் முகத்தில் அடியும் உண்டு, பிடித்துத் தள்ளுவதும் உண்டு. ஆனால் வெறும் முஷ்டியோடு ஒரே நாளில் பல சுற்றுகள் மோதும்போது முகத்தைத் திறந்துவிட்டால், மூக்கும் பல்லும் குத்துகிறவரின் கை எலும்புகளும் முதல் சுற்றிலேயே போய்விடும். அதனால் வந்த விதி அது. கோழைத்தனத்தால் வந்ததில்லை. இதை உங்களோடு வேலை பார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விதியை வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் பழகினால், உடம்பு அந்த விதிக்கு ஏற்றபடி மாறிவிடும். இந்தப் பிரிவுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பெயர்ப்பலகையையும் சீருடையில் தைத்திருக்கும் எழுத்தையும் விட்டுவிடுங்கள். கைக்கு எதை அனுமதிக்கிறார்கள், எதைத் தடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நிற்கும் தூரம், தலை இருக்கும் இடம், கால் நகரும் திசை எல்லாம் அதிலிருந்தே வரும்.

நீங்கள் நிற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கியோகுஷினில் முகத்துக்குக் குத்து வராது என்று உடம்புக்குத் தெரியும். அதனால் இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு உரசும் தூரத்தில் நிற்கிறோம். கைகள் நெஞ்சு உயரத்துக்கு இறங்கிவிடுகின்றன. நெஞ்சில் நேர்க்குத்து, விலாவுக்கும் கல்லீரலுக்கும் கீழிருந்து குத்து, தொடையில் லோ கிக், வயிற்றில் முழங்கால், திடீரென்று தலைக்கு ஒரு உதை. பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்பதால் நெருக்கத்திலிருந்து தப்பவும் வழியில்லை. யார் அதிகம் தாங்குகிறார், யார் மூச்சு விடாமல் அடிக்கிறார் என்பதுதான் பல ஆட்டங்களின் முடிவு. இந்தத் தாங்கும் சக்தி பெரிய சொத்து. வேறு எந்தக் கராத்தேயிலும் இந்த அளவுக்கு அது வளர்வதில்லை என்று நான் நம்புகிறேன். ஒருவரே நூறு பேருடன் அடுத்தடுத்து மோதும் நூறு பேர் குமிதே என்ற சோதனை இங்கே பிறந்தது சும்மா இல்லை.

அதே சமயம், இந்தத் தூரத்தில் எடைக்கு ஒரு பலம் இருக்கிறது. 56 கிலோ உடம்பு 75 கிலோ உடம்புக்கு முன்னால் பின்வாங்காமல் நின்று அடிக்கு அடி கொடுத்தால் அதற்கான விலையை எங்கேயாவது கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பது முழங்காலில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உள்பக்க வலி என்கிறீர்கள். எதிராளியின் உள்பக்க லோ கிக்கை வாங்கியதால் இருக்கலாம். எடை முழுக்க ஊன்றிய காலில் உதை வாங்கியதாலும் இருக்கலாம். கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு வருட வலியைத் தைலம் தேய்த்து ஒதுக்காதீர்கள்.

இனி அஷிஹாரா. ஹிடேயுகி அஷிஹாரா கியோகுஷினின் சொந்தப் பிள்ளை. ஒயாமா அவரை ஷிகோகு தீவுக்கு அனுப்பினார். யவதஹாமா என்ற கடலோர ஊரில் பல வருடம் கற்றுக்கொடுத்தார். அங்கே அவர் யோசித்தது ஒரே கேள்வியை: எதிராளிக்கு நேர் எதிரே ஏன் நிற்க வேண்டும்? அவரால் அடிக்க முடியாத, நம்மால் அடிக்க முடிகிற ஓர் இடம் அவர் பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் இருக்கிறதே, அங்கே ஏன் போய் நிற்கக் கூடாது? அப்படி நகர்ந்து, திருப்பி, அடிக்கும் முறைக்கு சபாகி என்று பெயர். 1980-இல் கியோகுஷினிலிருந்து பிரிந்து தன் அமைப்பைத் தொடங்கினார்.

நான் முதன்முதலாக ஒரு சபாகி வகுப்புக்குப் போன நாளை மறக்க முடியாது. அப்போது என்னிடம் பிளாக் பெல்ட் இருந்தது. எதிரே நின்றவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஒல்லியானவர். என் வலது கையால் நெஞ்சுக்கு ஒரு நேர்க்குத்து விட்டேன். அவர் இடது காலைச் சாய்வாக முன்னால் எடுத்து வைத்தார். என் வலது தோளுக்கு வெளியே, சரியாக ஓர் அடி தூரத்தில். அவருடைய வலது கை என் முழங்கையைத் தட்டிவிட்டது. இடது கை என் தோள்பட்டைக்குப் பின்னால் துணியைக் கொத்தாகப் பிடித்தது. அவருடைய பின்கால் தரையில் வட்டம் போட்டு வந்து நின்றது. அவ்வளவுதான். என் விலா, தொடையின் பின்புறம், கழுத்து எல்லாம் அவர் முன்னால் திறந்து கிடக்கின்றன. என் இரண்டு கைகளும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. முழங்காலை என் விலாவுக்கு அருகில் கொண்டுவந்து, தொடாமல் நிறுத்தினார். வலி இல்லை. ஆனால் அதுவரை நான் பழகிய தாங்கும் சக்தி அந்த இடத்தில் எனக்கு எதற்கும் பயன்படவில்லை. தாங்குவதற்கு வேண்டிய நிலையிலேயே நான் இல்லையே.

கவனித்தீர்களா, பிடிக்கலாம் என்ற ஒரே ஓர் அனுமதியில் எவ்வளவு மாறிவிட்டது என்று. கியோகுஷின் குமிதேயில் தோளைப் பிடித்தால் நடுவர் எச்சரிப்பார். சபாகி வழியில் அந்தப் பிடிதான் கதவு. பிடித்தால் திருப்பலாம், சமநிலையைக் குலைக்கலாம், காலைத் தட்டி விழவைக்கலாம். எடை குறைந்தவருக்கு இது வரம். உங்களை நான் அங்கே அனுப்புவதற்கு முதல் காரணமும் அதுதான்.

இதே குடும்பத்தில் என்ஷின் என்று ஒரு பிரிவு இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அஷிஹாராவிடம் இளவயதிலிருந்து பழகிய ஜோகோ நினோமியா 1978-இல் அகில ஜப்பான் போட்டியில் வென்றார். எடைப் பிரிவே இல்லாத போட்டி அது. அவர் பெரிய உடம்புக்காரர் இல்லை. பிறகு அமெரிக்காவின் டென்வரில் 1988-இல் என்ஷினைத் தொடங்கினார். அவர்களுடைய சபாகி சேலஞ்ச் போட்டியில் ஒரு கையால் பிடிக்கலாம், பிடித்துத் தள்ளி விழவைத்தால் புள்ளி உண்டு. அஷிஹாராவும் என்ஷினும் அண்ணன் தம்பி போல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர் மொழி மாறியதாகவே உணர மாட்டார்.

சபாகியைப் புகழ்ந்ததால் அதன் பலவீனத்தை மறைக்கக் கூடாது. இரண்டு விஷயம். முதலாவது, சொல்லிவைத்தபடி ஒருவர் குத்த, இன்னொருவர் நகரும் ஜோடிப் பயிற்சி பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகிலேயே தங்கிவிட்ட டோஜோக்கள் உண்டு. எதிராளி ஒத்துழைத்தால் யாராலும் பின்னால் போக முடியும். ஆகவே சேருவதற்கு முன்னால் குமிதே நடக்கும் நாளில் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சொல்லிவைக்காத குத்து வரும்போதும் சீனியர் மாணவர்கள் நகர்கிறார்களா, இல்லை கியோகுஷின்போல் நின்று அடிவாங்குகிறார்களா என்று கவனியுங்கள். பத்து முறையில் இரண்டு முறை நகர்ந்தால்கூட நல்ல டோஜோதான். ஒருமுறைகூட இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் முழங்கால். சபாகி என்றால் மென்மையானது, மூட்டுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது முழுக்கத் திரும்புவதில் இருக்கிறது. பாதம் தரையில் ஒட்டியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு நேராக முழங்காலுக்குத்தான் போகும். குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் சுழல வேண்டும். ரப்பர் மேட்டில் பாதம் ஒட்டிக்கொள்ளும், மரத்தரையில் வழுக்கும். உங்கள் டோஜோவில் மேட் என்றால் முதல் இரண்டு மாதம் பாதி வேகத்தில் மட்டும் சுழலுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை லோ கிக் வாங்கும் குமிதேயில் இறங்க மாட்டேன் என்று மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல மாஸ்டர் என்றால் அதற்காக உங்களைக் குறைத்துப் பார்க்க மாட்டார்.

கூடோவைப் பற்றி. தகாஷி அசுமாவும் கியோகுஷின்காரர்தான். 1977-இல் அகில ஜப்பான் சாம்பியன். ஜூடோ பின்னணி உள்ளவர். முகத்தில் குத்தும் எறிதலும் இல்லாத சண்டை முழுமை இல்லை என்று நினைத்து 1981-இல் செண்டாய் நகரில் டைடோ ஜுகு என்ற அமைப்பைத் தொடங்கினார். அதில் வளர்ந்ததுதான் கூடோ. முகத்தை மூடும் கண்ணாடி போன்ற தடுப்பு உள்ள ஹெல்மெட், கையில் மெல்லிய கையுறை. குத்து, முழங்கை, முழங்கால், தலையால் முட்டுவது, எறிவது, கொஞ்ச நேரம் தரையில் பிடித்துப் புரள்வது எல்லாம் உண்டு. இன்னொன்றும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வைத்துப் பிரிவு போடுகிறார்கள். உதாரணத்துக்கு, 160 சென்டிமீட்டர் உயரமும் 56 கிலோ எடையும் உள்ளவருக்கு 216. வெறும் எடையைவிட இது நியாயமான கணக்கு.

அப்புறம் ஏன் உடனே அங்கே போக வேண்டாம் என்கிறேன்? உங்கள் தலைதான் காரணம். ஆறு வருடமாக உங்கள் தாடை முகத்துக்குக் குத்து வராது என்றே பழகியிருக்கிறது. நான் முதல்முறை அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது, மூச்சுக்காற்றில் தடுப்பு லேசாக மங்கியது. என் கைகள் பழக்கத்தில் நெஞ்சருகே இருந்தன. நான் விலாவுக்குக் குத்தக் குனிந்த ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரு குத்து விழுந்தது. எதிரே இருந்தவர் ஆறு மாத மாணவர். எனக்குத் தெரிந்த தூரத்துக்குள் நுழைந்தால் குத்து, வெளியே நின்றால் என் ஆயுதம் எதுவும் எட்டவில்லை. கைகளை மேலே வைக்கக் கற்க ஒரு வாரம் போதும். அடி வாங்கும்போதும் அவை அங்கேயே நிற்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

பெரிய வீரர்களுக்கும் இதே கதிதான். சுவிட்சர்லாந்தின் ஆன்டி ஹக் கியோகுஷினில் உலகப் போட்டியின் இறுதிச்சுற்றுவரை போனவர். 1992-இல் சைடோகைகானுக்கு மாறினார். அதுவும் அஷிஹாராவின் மாணவர் கசுயோஷி இஷி 1980-இல் தொடங்கிய பிரிவுதான். இஷி 1993-இல் தொடங்கிய கே-1 கையுறைச் சண்டையில் ஹக் இறங்கினார். 1994 கிராண்ட் பிரியில் முதல் ஆட்டத்தில் பாட்ரிக் ஸ்மித்திடம் 19 வினாடியில் வீழ்ந்தார். அதே வருடத்தில் அவரையே திருப்பி வென்றார். 1996-இல் கே-1 கிராண்ட் பிரி சாம்பியன் ஆனார். உலகத் தரத்தில் இருந்த ஒருவருக்கே முகத்துக்கு வரும் குத்தோடு பழக வருடங்கள் தேவைப்பட்டன. அவர் கியோகுஷினில் கற்ற உதைகள் வீணாகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த உதைகளை வைத்துத்தான் பிறகு ஜெயித்தார்.

ஹெல்மெட் மூக்கையும் பல்லையும் காப்பாற்றும். மூளை உள்ளே குலுங்குவதை அது தடுக்காது. அதனால் தலை அடி வாங்கும் எந்தப் பயிற்சியையும் மெதுவாக, தற்காப்புக் கற்றபின் தொடங்குவதே நல்லது. முழங்கால் வலியோடு, நெஞ்சருகே கை வைக்கும் பழக்கத்தோடு, புதிய ஊரில் புதியவர்களுக்கு நடுவே அதைத் தொடங்க வேண்டாம். சபாகியில் ஒரு வருடம் பழகினால் நேர்கோட்டிலிருந்து விலகும் பழக்கம் வந்துவிடும். அதன்பிறகு கூடோ கிளப்பில் கால் வைத்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அந்த ஒரு வருடமும் கையைக் கன்ன உயரத்தில் வைத்தே பழகுங்கள், அஷிஹாரா போட்டியிலும் முகத்துக்குக் குத்து கிடையாது என்றாலும்.

உங்கள் உழைப்பு வீணாகுமா என்று கேட்டீர்கள். காத்தாக்களை, அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளைப் பொறுத்தவரை ஆமாம், பெரும்பாலும் புதிதாகத் தொடங்க வேண்டும். நீங்கள் கற்ற பினான், சாய்ஃபா, சான்சின் எல்லாம் ஷோட்டோகானிலிருந்தும் கோஜு-ரியூவிலிருந்தும் வந்தவை. அஷிஹாரா அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. குமிதேயில் உண்மையிலேயே செய்யும் லோ கிக், திருப்பல், எறிதல் ஆகியவற்றைக் கோத்துப் புதிய காத்தாக்களை அமைத்தார். எனக்குப் பழைய காத்தாக்கள் மேல் இன்னும் பாசம் உண்டு. காலையில் தனியாக சான்சின் செய்கிறேன். நீங்களும் விட வேண்டியதில்லை. மற்றபடி லோ கிக், முழங்கால், வயிற்றின் உறுதி, மூச்சு எல்லாம் உங்களோடு வரும். பெல்ட் வராது. ஓர் அமைப்பின் தரத்தை இன்னொன்று ஏற்பது அந்தந்த மாஸ்டரின் முடிவு. பையில் ஒரு வெள்ளை பெல்ட்டோடு போய், எதைக் கட்டட்டும் என்று கேளுங்கள். வெள்ளை என்றால் முகம் சுளிக்காமல் கட்டுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் உதையே நீங்கள் யார் என்று சொல்லிவிடும்.

கடைசியாக, துரோகம் என்ற சொல். அந்த ஒரு வரியில்தான் உங்கள் மனம் மொத்தமும் தெரிந்தது. 1994-இல் ஒயாமா மறைந்த பிறகு கியோகுஷினே பல அமைப்புகளாகப் பிரிந்தது. உங்கள் பழைய டோஜோவும் அவற்றில் ஒன்றைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். அஷிஹாரா, அசுமா, நினோமியா, இஷி எல்லோரும் தங்கள் ஆசிரியரை விட்டு வெளியே வந்தவர்களே. அவர்களுடைய லோ கிக்கில் இன்றும் ஒயாமாவின் டோஜோ தெரிகிறது. நீங்கள் ஊர் மாறியதால் மாறுகிறீர்கள். இதில் தவறே இல்லை.

ஆனால் உங்கள் மாஸ்டருக்கு அடுத்தவர் வாய் வழியாகச் செய்தி போகக் கூடாது. மாணவர் போவதைவிட, சொல்லாமல் போவதுதான் எங்களுக்கு வலிக்கும். புதிய டோஜோவில் பெயர் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே போன் செய்யுங்கள். வலியைப் பற்றியும் சொல்லுங்கள், இத்தனை நாள் அவரிடம் மறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போகும்போது அவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் நின்று ஒருநாள் பயிற்சி செய்ய அனுமதி கேளுங்கள். மறுக்க மாட்டார்.